21 கோலும், பந்தை வாங்கினவங்களும்

2018-19 ஐ-லீக் பத்திப் பேச்சு வந்தா, முதல்ல வர்ற பேர் பெட்ரோ மான்சி. 21 கோல். சென்னை சிட்டி எஃப்சி சாம்பியன் ஆனதுக்கு அந்த உருகுவேக்காரர் பெரிய காரணம், அதுல சண்டையே இல்ல. அடுத்து யாருன்னு கேட்டா நெஸ்டர், சாண்ட்ரோன்னு ரெண்டு ஸ்பெயின்காரங்க பேர் வரும். அதோட லிஸ்ட் முடிஞ்சிடும். எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், பிரவிட்டோ ராஜு, அஜித்குமார் காமராஜ்? இவங்க பேரை யாரும் சொல்றதில்ல.

எனக்கு அந்த டீம்ல ரொம்பப் பிடிச்சவங்க இவங்கதான்.

கோச் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். நீளமா தூக்கி அடிச்சிட்டு ஓடுற ஆட்டம் அவருக்குப் பிடிக்காது; பந்தைக் காலிலேயே வச்சு, சின்னச் சின்ன பாஸா முன்னேறணும். கேக்க அழகா இருக்கும். ஆனா பாஸ் கொடுக்க ஒருத்தர் போதும்னா, அதை வாங்கச் சரியான இடத்துல ரெண்டு மூணு பேர் நிக்கணும். பந்து வர்றதுக்கு முன்னாடியே தோளைத் திருப்பி, பின்னாடி யார் வர்றான்னு பார்த்திருக்கணும். முதல் டச் ஒரு அடி தள்ளிப் போனாலும் எதிர் டீம் பறிச்சிடும்.

இன்னொரு வேலையும் இருக்கு. விங்கர் கோட்டை ஒட்டி அகலமா நின்னா, எதிர் டீம் ஃபுல் பேக் அவரைக் காவல் காக்க வெளிய வந்தாகணும். அப்போ நடுவுல ஒரு சந்து திறக்கும். அந்தச் சந்துலதான் மான்சி மாதிரி ஆள் நுழைவார். கோல் விழுந்தா அவர் பேர் ஸ்கோர்போர்டுல வரும். சந்தைத் திறந்த விங்கர் அப்போ பந்தைத் தொட்டிருக்கக்கூட மாட்டார்.

"கோல் அடிக்க ஆள் இல்லன்னா இதெல்லாம் எதுக்கு மச்சி?"ன்னு கேப்பீங்க. சரியான கேள்விதான். அதுக்கு 2019 மார்ச் 9-ஐப் பாருங்க. கடைசி மேட்ச், கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். அதே நேரத்துல கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்கால் ஆடிட்டு இருக்கு. இங்க மினர்வா பஞ்சாப் 3-வது நிமிஷத்துலயே கோல் போட்டுடுச்சு. ஹாஃப் டைம்ல 0-1. ரெண்டாவது பாதியில மான்சி பெனால்டியில சமன் பண்ணார். அதுக்கப்புறம் விழுந்த ரெண்டு கோலும் கௌரவ் போராவோடது. அவர் ஒரு இந்திய டிஃபெண்டர். 3-1. ஈஸ்ட் பெங்காலும் அங்க ஜெயிச்சு 42 பாயிண்ட்டோட நின்னுச்சு, நமக்கு 43. அன்னிக்கு டிரா ஆகியிருந்தா கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். ஐ-லீக் ஜெயிச்ச முதல் தமிழ்நாட்டு கிளப்ங்கிற பேர் அந்த ஒரு பாயிண்ட்ல நிக்குது.

ஆம்பூர்க்காரனுக்கு இதெல்லாம் புதுசு இல்ல. எங்க ஊர் ஷூ கம்பெனிகள்ல தைக்கிற ஷூ வெளிநாட்டு பிராண்டு பேர்ல கடைக்குப் போகும். அப்பர் தைச்ச அக்கா பேர் டப்பாவுல இருக்காது. ஆனா அந்தத் தையல் ஒரு நூல் கோணினா செக்கிங்ல ஜோடியே திரும்பி வரும்.

விஷயம் தெரிஞ்சவங்க கவனிக்காம இல்ல. எட்வின் சென்னையின் எஃப்சிக்குப் போனார், ரொமாரியோ எஃப்சி கோவாவுக்கு, அஜித்குமார் பெங்களூரு எஃப்சிக்கு. ஐஎஸ்எல் கிளப்புங்க காசு கொடுத்துக் கூட்டிட்டுப் போன ஆட்களை, ரசிகர்கள் நாம மறந்துட்டோம். சென்னை சிட்டியும் இன்னிக்கு லீக்ல இல்ல. கிளப்பே இல்லாதப்போ அந்த ஆட்டம் நம்ம ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு. அதுலயும் 21 கோல் மட்டும் மிஞ்சினா எப்படி?

நாம பார்க்கிற ரீல்ஸ் எல்லாமே கடைசி பாஸ்லதான் ஆரம்பிக்குது. அதைப் பார்த்து வளர்ற பசங்க எல்லாருக்கும் ஸ்ட்ரைக்கர் ஆகணும். ஊர் டோர்னமென்ட்டுலயும் பெஸ்ட் பிளேயர் கப் பெரும்பாலும் கோல் அடிச்சவனுக்குத்தான். அப்புறம் விங்ல ஓட எவன் வருவான்?

அடுத்த மேட்ச்ல ஒரு பத்து நிமிஷம் பந்தைப் பார்க்காதீங்க. ஒரே ஒரு விங்கரை மட்டும் பாருங்க. எத்தனை தடவை ஓடுறார், அதுல எத்தனை தடவை பந்து வருதுன்னு எண்ணுங்க. நம்ம காலேஜ் டீம் மேட்சா இருந்தா, முடிஞ்சதும் அவன்கிட்ட போய் "நல்லா ஓடினே மச்சி"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவனுக்கு அது புதுசா இருக்கும்.