பழசை எல்லாம் பூட்டி வைக்கலாமா?

வீட்டுக்கு வீடு பரண் உண்டு. உடைந்த நாற்காலி, பிடி போன குடை, துருப்பிடித்த டிரங்குப் பெட்டி எல்லாம் அங்கே போகும். "என்றைக்காவது உதவும்" என்று ஏற்றுவோம். இறக்குவது கிடையாது.

இணையதளத்துக்கும் இப்படி ஒரு பரண் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத பரண். ஆகவே அது நிரம்புவதும் தெரிவதில்லை.

முழு நகல்!

பள்ளிக்கூடம், கோவில், ஊர்ச் சங்கம், சின்னக் கடை எல்லாம் இப்போது இணையதளம் வைத்திருக்கின்றன. அவற்றில் பல, "வேர்டுபிரஸ்" என்ற மென்பொருளால் நடக்கின்றன. 2003-ம் ஆண்டில் வந்த மென்பொருள் இது. இனாமாகவே கிடைக்கிறது.

தளத்தில் நாம் எழுதுவது எல்லாம் "டேட்டாபேஸ்" என்ற தகவல் கிடங்குக்குப் போகிறது. அது ஒரு பெரிய பேரேடு மாதிரி. கட்டுரை ஒன்றுக்கு ஒரு பதிவு.

2008-ம் ஆண்டில் வேர்டுபிரசின் 2.6 பதிப்பு வெளிவந்தது. அதில் ஒரு புது வசதி. கட்டுரையைத் திருத்திச் சேமிக்கும் போதெல்லாம் அதன் நகல் ஒன்று தனியே பத்திரமாகும். கை தவறி அழித்துவிட்டால், பழைய நகலை எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல வசதிதான். ஆனால் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. மாற்றிய சொல் மட்டும் நகலில் ஏறுவதில்லை. முழுக் கட்டுரையும் ஏறுகிறது. ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் முழு நகல்தான்! எத்தனை நகல் என்பதற்கு வரம்பும் இல்லை. நாமாகப் போட்டால்தான் வரம்பு.

தமிழுக்கு 3 மடங்கு

கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆங்கில எழுத்து ஒன்றுக்குக் கம்ப்யூட்டரில் 1 "பைட்" இடம் போதும். இணையதளங்களில் வழங்கும் "யூ.டி.எப்.-8" முறையில், தமிழுக்கு அப்படி இல்லை. "க" என்ற எழுத்துக்கு 3 பைட் வேண்டும். "கு" என்றால், "க"வுக்கு 3, உகரக் குறிக்கு 3. ஆக 6 பைட்!

ஒரு தமிழ்க் கட்டுரை 15 ஆயிரம் பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 40 நகல் சேர்ந்தால் 6 லட்சம் பைட். அப்படி 1,000 கட்டுரை இருந்தால் 60 கோடி பைட். அதாவது 600 எம்.பி. வாசகர் படிப்பதற்கு வேண்டியதோ 15 எம்.பி. மட்டும்! மீதி எல்லாம் பரண் சாமான்.

நட்டம் யாருக்கு?

இதனால் பக்கம் திறப்பது தாமதமாகுமா? பெரும்பாலும் ஆகாது. நட்டம் வேறு இடத்தில்.

தளத்துக்காக நாம் வாடகைக்கு எடுக்கும் இடம் அளவானது. கிடங்கு பெருத்தால் பெரிய இடம் தேட வேண்டும். பாதுகாப்புக்காக முழுத் தளத்தையும் படி எடுக்கும்போது இந்தக் குப்பையும் சேர்ந்து வரும். ஒரு நாள் தளம் கெட்டுப்போனால், அவசரத்தில் அத்தனை குப்பையையும் மறுபடி ஏற்ற வேண்டும்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். "என் போன் நம்பரைப் போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள்" என்று ஒரு பெண் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடுத்துவிடுகிறோம். பக்கத்தில் இல்லை. ஆனால் பழைய நகலில் இருக்கிறது! அதையும் தேடி அழித்தால்தான் கொடுத்த வாக்கு காப்பாற்றப்படும்.

அடியோடு மூடலாமா?

"அப்படியானால் நகலே வேண்டாம்" என்று சிலர் வசதியையே மூடிவிடுகிறார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா? பாதிக் கட்டுரை அழிந்துபோன அன்றைக்கு அந்த நகலின் அருமை தெரியும்.

"விக்கிபீடியா எல்லா நகலையும் வைத்திருக்கிறதே?" என்று கேட்கலாம். வைத்திருக்கிறது. அங்கே யார் வேண்டுமானாலும் திருத்தலாம். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். அதனால் பழைய நகல்களை வாசகரே பார்க்கலாம். அது ஊர்ச் சாவடியில் விரித்து வைத்த கணக்கு. வேர்டுபிரஸ் நகலோ வாசகர் கண்ணில் படாது. அது வீட்டுப் பரண்.

வெளியிட்ட செய்தியில் தவறு இருந்தால், திருத்தியதைத் தேதியோடு கட்டுரையின் அடியிலேயே சொல்ல வேண்டும். அதுதான் நேர்மை. பரணில் 40 நகல் இருப்பதால் வாசகருக்கு என்ன பயன்?

என்ன செய்ய வேண்டும்?

முதலில் வரம்பு போடுங்கள். வேர்டுபிரசின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். சிறு தளத்துக்குக் கட்டுரைக்கு 5 முதல் 10 நகல் தாராளம். எண்ணிக்கை மீறினால் பழையது தானாகக் கழியும்.

ஆனால், வரம்பு போட்ட உடனே பழைய குப்பை போய்விடாது. ஒரு கட்டுரையை அடுத்த தடவை திருத்திச் சேமிக்கும் போதுதான் அதன் பழைய நகல் கழியும். தொடாத கட்டுரைகளின் நகல்களை நாம்தான் நீக்க வேண்டும்.

நீக்குவதற்கு முன் முழுக் கிடங்கையும் படி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படி திறக்கிறதா என்றும் பாருங்கள். வேலை சரியாக முடிந்ததும் புதிய படி எடுத்துக்கொண்டு, பழையதை ஒழித்துவிடுங்கள்.

நீக்கிய பிறகும் கிடங்கின் அளவு குறையவில்லையே என்று திகைக்க வேண்டாம். காலியான இடம் உள்ளேயே இருக்கும். "ஆப்டிமைஸ்" என்ற கட்டளை கொடுத்தால் சுருங்கும்.

எழுதும்போது தானாகச் சேமிக்கும் வசதியைக் குறை சொல்லாதீர்கள். அது ஒரு கட்டுரைக்கு, ஆளுக்கு ஒரே நகல்தான் வைக்கும். புதியது வந்தால் பழையது போய்விடும்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் படித்தவர்கள் வேலை என்று ஒதுங்க வேண்டாம். சங்கத் தளத்துக்குப் பணம் கட்டுவது உறுப்பினர்கள். பள்ளித் தளத்தில் இருப்பது நம் பிள்ளைகளின் பெயர். தளத்தைக் கவனிப்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: "கட்டுரைக்கு எத்தனை நகல் வைக்கிறீர்கள்? எடுத்துவிடச் சொன்னது உண்மையிலேயே போய்விட்டதா?"

பதில் தெரியாவிட்டால், அவர் அன்றைக்கே பார்க்கட்டும்!