காய்ச்சல் ஆரம்பிச்சது எந்தக் கிழமை?

ஹாஸ்டல்ல ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தா என்ன நடக்கும்? ஒரு ஃப்ரெண்ட் போர்வையைப் போர்த்திவிடுவான். இன்னொரு ஃப்ரெண்ட் பைக்கை எடுத்துட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் பறப்பான். ‘‘அண்ணே, காய்ச்சல், இருமல், உடம்பு வலி... ரெண்டு நாளைக்கு ஒரு செட் குடுங்க!’’ அண்ணனும் கலர் கலரா மாத்திரையைப் பிச்சு, சின்னக் கவர்ல போட்டு நீட்டுவார். வைத்தியம் ஓவர்!

பெரும்பாலான நேரம் இதுல ஒண்ணும் குடிமுழுகிப் போறதில்லை. நாலஞ்சு நாள்ல உடம்பே தன்னைச் சரிபண்ணிக்கும். பேர் மட்டும் மாத்திரைக்குப் போகும். சிக்கல் எப்போன்னா, தொண்டையில இருந்த வைரஸ் நுரையீரலுக்குள்ள இறங்கும்போது. காற்று இருக்கவேண்டிய குட்டிக் குட்டிப் பைகளில் நீர் கோத்துக்கும். ரத்தத்துக்குப் போற ஆக்ஸிஜன் குறையும். இதுக்குத்தான் நிமோனியான்னு பேர்.

‘‘ஃப்ளூவா இருந்தா என்ன பாஸ், கொரோனாவா இருந்தா என்ன? ரெண்டும் வைரஸ். ரெண்டும் நுரையீரலைத்தானே பிடிக்குது?’’ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா, நுரையீரலைப் பிடிக்கிற விதத்துல ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. அந்த வித்தியாசத்தைப் படிக்க உலகம் கொடுத்த விலை ரொம்பப் பெருசு. அதுல நம்ம மதுரையும் ஒரு பங்கு கொடுத்திருக்கு.

மதுரை பார்த்த கொரோனா

2020 மார்ச் 25. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய முதல் நாள். அன்னைக்கு அதிகாலையில்தான் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் நடந்தது. நடந்த இடம், மதுரைக்காரங்க ‘பெரியாஸ்பத்திரி’ன்னு சொல்ற அரசு ராஜாஜி மருத்துவமனை. இறந்தவர் வெளிநாட்டுக்கே போகாதவர். நீண்ட நாள் நுரையீரல் நோய், கட்டுக்குள் வராத சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் அவருக்கு ஏற்கெனவே இருந்ததாக அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர் அறிவித்தார்.

அந்த வருஷம் மீனாட்சி கல்யாணத்தை மக்கள் வீட்டுல உட்கார்ந்து ஆன்லைன்ல பார்த்தாங்க. அழகர் ஆத்துல இறங்கவே இல்லை. ஜூன் 24-ம் தேதி மதுரை மாநகராட்சியும் பரவையும் சுற்றியுள்ள ஒன்றியங்களும் மறுபடி முழு ஊரடங்குக்குள் போச்சு. ஊருக்கு வெளியே தோப்பூர்ல இருந்த நெஞ்சக நோய் மருத்துவமனை, கொரோனா மருத்துவமனையாச்சு. அப்போ நீங்க ஸ்கூல் பசங்க. ஆன்லைன் கிளாஸ்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கினது ஞாபகம் இருக்கும். அதே நேரம் இந்த ஆஸ்பத்திரி வார்டுகளில் டாக்டர்கள் நோயாளிகளிடம் விடாமல் கேட்ட கேள்வி ஒண்ணு உண்டு... ‘‘காய்ச்சல் ஆரம்பிச்சு இன்னைக்கு எத்தனாவது நாள்?’’

ஏன் அந்தக் கேள்வி?

நாள் கணக்குதான் மேட்டர்

ஃப்ளூ (இன்ஃப்ளூயன்சா) தடாலடிப் பார்ட்டி. வைரஸ் உள்ளே போன 1 முதல் 4 நாளுக்குள் ஆட்டம் ஆரம்பம். காலையில் கிளாஸ்ல நல்லா இருந்தவன், சாயங்காலம் நடுங்கிக்கிட்டுப் படுத்திருப்பான். எத்தனை மணிக்குக் காய்ச்சல் வந்ததுன்னுகூடச் சிலரால் சொல்ல முடியும். நுரையீரலுக்குள் இறங்குவதாக இருந்தாலும் சீக்கிரமே இறங்கிடும். மூணாவது, நாலாவது நாளிலேயே மூச்சு வாங்க ஆரம்பிக்கும்.

கொரோனா அப்படி இல்லை. மெதுவா வந்து உட்காரும். 2020, 2021 அலைகளில் அறிகுறி தெரியவே சராசரியா 5 நாள் ஆச்சு. முதலில் லேசான காய்ச்சல், தொண்டைக் கரகரப்பு, அசதி. ‘பரவாயில்லையே, சரியாயிடுச்சு’ன்னு நினைக்கும்போது, 5-லிருந்து 8-ம் நாளுக்குள் மூச்சு வாங்கும். நுரையீரல் மோசமாகச் செயலிழக்கும் கட்டம் 8-லிருந்து 12-ம் நாளுக்குள் வந்தது. அதாவது, ஃப்ளூவில் ‘தப்பிச்சாச்சு’ன்னு பெருமூச்சு விடுற அதே வாரக் கடைசியில்தான் கொரோனாவின் இரண்டாம் பாதியே தொடங்கும்.

அதனாலதான் அந்த நாள் கணக்கு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுடுச்சுன்னு ஒரு நோயாளி சொன்னா, எந்த வைரஸ் என்பதைப் பொறுத்து அது நல்ல செய்தியாவும் இருக்கலாம், கவனிக்கவேண்டிய செய்தியாவும் இருக்கலாம்.

மூச்சு முட்டாமலே...

கொரோனா நிமோனியா டாக்டர்களையே குழப்பின விஷயம் இன்னொண்ணு இருக்கு. சில நோயாளிகள் கட்டில்ல உட்கார்ந்து செல்போன்ல பேசிக்கிட்டிருப்பாங்க. விரல்ல பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டினா 80-ன்னு காட்டும். 95-க்கு மேல இருக்கவேண்டிய ஆக்ஸிஜன் அளவு அது!

இது எப்படின்னா, நமக்கு ‘மூச்சு முட்டுது’ங்கிற உணர்வைப் பெரும்பாலும் தர்றது ஆக்ஸிஜன் குறைவு இல்லை. ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு சேர்றதுதான். மூச்சை அடக்கிப் பாருங்க, அந்தத் தவிப்புக்குக் காரணம் அதுதான். கொரோனா நிமோனியாவின் ஆரம்பக் கட்டத்தில் சிலருக்கு நுரையீரல் இன்னும் இளக்கமாவே இருந்தது. கார்பன் டை ஆக்ஸைடு சுலபமா வெளியே போயிடும். ஆனா ஆக்ஸிஜன் உள்ளே ஏறாது. உடம்பின் அலாரம் அடிக்காமலே ஆபத்து வளரும். ஃப்ளூ நிமோனியாவில் பெரும்பாலும் ஆள் பார்த்தாலே தெரியும்... வேகமா மூச்சு விடுவார், வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுவார்.

அதுக்காக, பார்வையை மட்டும் நம்பி ‘இது ஃப்ளூ, இது கொரோனா’ன்னு சொல்லிட முடியாது. வாசனை தெரியாமல் போவதுகூட 2020, 2021-ல் கொரோனாவின் அடையாளமா இருந்தது. ஓமிக்ரான் வந்த பிறகு அந்த அடையாளமும் குறைஞ்சுபோச்சு.

‘‘சி.டி. ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடாதா?’’ 2021-ல் ஊரே ‘25-க்கு எவ்வளவு ஸ்கோர்?’னு கேட்டுக்கிட்டிருந்தது, ஏதோ இன்டர்னல் மார்க் மாதிரி. கொரோனாவில் ரெண்டு நுரையீரலிலும், வெளி ஓரங்களில், கீழ்ப்பகுதியில் தூசி படிந்த கண்ணாடி போன்ற மங்கல் தெரிவது வழக்கம். ஃப்ளூவில் அந்த மங்கல் மூச்சுக்குழாய்களை ஒட்டி, நடுப்பகுதியிலும் அதிகம் கலந்து இருக்கும். ஆனா, ரெண்டு படமும் ஒண்ணோட ஒண்ணு ரொம்பவே ஒத்துப்போகும். தீர்ப்பு சொல்றது தொண்டை, மூக்கில் குச்சி விட்டு எடுக்கிற ஆர்.டி.பி.சி.ஆர். டெஸ்ட்தான். ஒரே சாம்பிளில் ரெண்டு வைரஸையும் தேட முடியும்.

ஒண்ணு கதவை உடைக்கும், ஒண்ணு குழாயை அடைக்கும்

ஃப்ளூ வைரஸ் மூச்சுக்குழாயின் உள்பூச்சைச் சுரண்டி எடுத்துடும். அங்கே இருக்கும் நுண்ணிய மயிர்கள்தான் கிருமிகளைக் கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளுபவை. அதுங்க போயிட்டா வீட்டுக் கதவு உடைஞ்ச மாதிரி. நிமோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரி பாக்டீரியாக்கள் தாராளமா உள்ளே வரும். காய்ச்சல் விட்டு, ரெண்டு மூணு நாள் நல்லா இருந்துட்டு, திடீர்னு மறுபடி காய்ச்சலும் நிறம் மாறின சளியும் வந்தா, இதைத்தான் முதலில் சந்தேகப்படணும். 1918-ல் உலகையே உலுக்கிய ஃப்ளூவில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது இந்தப் பாக்டீரியா நிமோனியாதான்.

கொரோனாவோ ரத்தக்குழாயின் உட்சுவரைத் தாக்கும். ரத்தம் உறையும். கொரோனாவில் இறந்த 7 பேரின் நுரையீரலையும், எச்1என்1 ஃப்ளூவில் இறந்த 7 பேரின் நுரையீரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. நுரையீரலின் நுண் ரத்தக்குழாய்களில் உறைகட்டிகள் கொரோனாவில் 9 மடங்கு அதிகம்! ஆஸ்பத்திரியில் கொரோனா நோயாளிகள் பலருக்கு வயித்துல ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி போட்டது இதனாலதான்.

ஒரே மாத்திரை, ரெண்டு முடிவு

இப்போ அந்த மெடிக்கல் ஷாப் கவருக்கு வருவோம். சில ‘செட்’களில் ஒரு குட்டி வெள்ளை மாத்திரை இருக்கும். போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல் பறந்துடும், பசி எடுக்கும், ‘சூப்பர் மாத்திரைடா’ன்னு தோணும். பல சமயம் அது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து.

இதே ஸ்டீராய்டுதான் கொரோனாவில் உயிர் காத்த மருந்தும்கூட. 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த ‘ரெகவரி’ ஆய்வின் முடிவு வந்தது. டெக்ஸாமெத்தாசோன் என்ற விலை மலிவான பழைய மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆனா, ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு? எந்தப் பலனும் இல்லை. ஃப்ளூ நிமோனியாவிலோ கதையே வேற. ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட ஃப்ளூ நோயாளிகளிடையே மரணம் அதிகமாக இருந்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கு. அதனால் வேறு காரணம் இல்லாமல் ஃப்ளூவுக்கு ஸ்டீராய்டு தரவேண்டாம் என்பதுதான் டாக்டர்களுக்கான வழிகாட்டுதல்.

இஷ்டத்துக்கு ஸ்டீராய்டு எடுத்தா என்ன ஆகும்னு 2021-ல் பார்த்தோம். சர்க்கரை எகிறியது, கறுப்புப் பூஞ்சை வந்தது. சிலர் கண்ணையே இழந்தாங்க. அந்த மே மாதம் தமிழக அரசு அதை, கண்டால் அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது.

ஃப்ளூவுக்கு வேற மருந்து இருக்கு. ஓசல்டாமிவிர் (டாமிஃப்ளூன்னு கேள்விப்பட்டிருப்பீங்க). காய்ச்சல் வந்த 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிச்சா நல்லா வேலை செய்யும். கொரோனாவில் அதுக்கு வேலையே இல்லை. செட்டில் தவறாமல் இருக்கும் அசித்ரோமைசினோ பாக்டீரியாவுக்கான மருந்து. ரெண்டு வைரஸையும் அது ஒண்ணும் பண்ணாது.

‘‘அதெல்லாம் வயசானவங்களுக்குத்தானே?’’

பாதி சரி. கொரோனா நிமோனியா வயசையும் சர்க்கரையையும் பார்த்துத்தான் அதிகம் அடிச்சது. ஆனா 2009-ல் வந்த எச்1என்1 ஃப்ளூ (அப்போ ‘பன்றிக் காய்ச்சல்’) இளைஞர்களையும் கர்ப்பிணிகளையும் குறிவைத்து அடித்தது. அந்த வைரஸ் எங்கேயும் போயிடலை. வருஷா வருஷம் வரும் சாதாரண ஃப்ளூக்களில் ஒண்ணா இப்பவும் நம்மகூடவே சுத்துது.

கொரோனாவின் பல்லும் மழுங்கியிருக்கு. தடுப்பூசி, ஏற்கெனவே வந்துபோன தொற்று, ஓமிக்ரானின் குணம் எல்லாம் சேர்ந்து அதை மாத்திடுச்சு. அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளின் கணக்கு இது... 2020-ல் கொரோனாவுக்காக அட்மிட் ஆனவர்களில் 100-க்கு 17 முதல் 21 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்தாங்க. 2022-23 குளிர்காலத்தில் அது சுமார் 6. அதே குளிர்காலத்தில் ஃப்ளூவுக்கு 4-க்கும் கொஞ்சம் கம்மி. அவங்க பெரும்பாலும் வயதான ஆண்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கணும். இடைவெளி சுருங்கியிருக்கு, மறைஞ்சுடலை.

ஸோ, என்ன செய்யணும்?

காய்ச்சல் ஆரம்பிச்ச நாளையும் நேரத்தையும் செல்போன்ல குறிச்சு வைங்க. ‘போன வாரம் எப்பவோ’ன்னு டாக்டர்கிட்ட சொல்றதைவிட, ‘செவ்வாய்க்கிழமை சாயங்காலம்’னு சொல்றது அவருக்குப் பத்து கேள்விக்குச் சமம்.

பாராசிட்டமால் போதும். மழை சீஸன்ல டெங்குவும் சுத்தும். அதனால டாக்டரைக் கேட்காமல் புரூஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம்.

நாலஞ்சு பேர் காசு போட்டு ஹாஸ்டலுக்கு ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கி வைங்க. அஞ்சு நிமிஷம் அமைதியா உட்கார்ந்துட்டுப் பாருங்க. தோழிகளே, அந்த விரல்ல நெயில் பாலிஷ் இருந்தா அழிச்சுடுங்க. பிறகு 6 நிமிஷம் வராந்தாவில் நடந்துட்டு மறுபடி பாருங்க. 94-க்குக் கீழே போனாலோ, முன்னைவிட 3, 4 பாயின்ட் இறங்கினாலோ வார்டனை எழுப்புங்க, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. உதடு நீலமாவது, நெஞ்சு வலி, பேச்சில் குழப்பம்னு எதைப் பார்த்தாலும் மீட்டரைத் தேடாதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க.

கடைசியா ஒண்ணு. காய்ச்சல்னா நமக்கு முதல்ல தோணுறது, ‘ஊருக்குப் போயிட்டா அம்மா பார்த்துக்குவாங்க.’ மாட்டுத்தாவணியிலோ ஆரப்பாளையத்திலோ பஸ் ஏறிடுவோம். மேலூரோ உசிலம்பட்டியோ சோழவந்தானோ, அந்த வீட்டுத் திண்ணையில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போட்டுக்கிட்டு, ‘என்னய்யா, இளைச்சுப் போயிட்ட’ன்னு கன்னத்தைத் தடவ ஒரு அப்பத்தா காத்திருப்பாங்க. உங்களுக்கு ரெண்டு நாள் லீவுல முடியும் காய்ச்சல், அவங்களுக்கு அப்படி முடியாது. காய்ச்சல் விட்ட பிறகு கிளம்புங்க. இருமல் மிச்சம் இருந்தா மாஸ்க்கைப் போட்டுக்கிட்டே திண்ணையில உட்காருங்க. அப்பத்தா திட்டத்தான் செய்வாங்க... திட்டிட்டுப் போகட்டும்!