கருங்கோழி முட்டை கறுப்பா?

உள்ளங்கையில் கன்னங்கரேலென ஒரு முட்டை. கீழே, 'கடக்நாத் முட்டை, சர்க்கரை நோய்க்கு மருந்து' என்று ஒரு வரி. உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் இந்தப் படம் வந்திருக்கும். நம்ப வேண்டாம். கருங்கோழிக்குத் தோல், கறி, எலும்புவரை கறுப்பு ஏறியிருப்பது உண்மை. மெலனின் நிறமி செய்யும் வேலை அது. முட்டை மட்டும் நம் நாட்டுக்கோழி முட்டை மாதிரி இளம் பழுப்புதான். உடைத்தால் அதே வெள்ளைக்கரு, அதே மஞ்சள்கரு. சாப்பிடலாம், சத்துதான். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!

இதன் பூர்வீகம் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதி. பில் பழங்குடியினர் வளர்த்துக் காத்த இனம். ஜாபுவா கடக்நாத் கறிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வளர்க்க ஆசையா? முதல் முட்டைக்கே சுமார் 6 மாதம் காத்திருக்க வேண்டும். வருடத்துக்கு 100 முட்டை கிடைத்தால் பெரிது. பண்ணை லேயர் கோழியோ 300 போடும். முட்டை விற்று லட்சாதிபதி ஆகலாம் என்று ஆசை காட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதே இல்லை.

இன்னொரு சிக்கல், கருங்கோழி அடைகாப்பதில் மகா சோம்பேறி. நம் சிறுவிடைக் கோழி அதில் கெட்டி. அது அடைக்கு உட்காரும் நேரம் பார்த்துக் கருங்கோழி முட்டைகளை வையுங்கள். 21-ம் நாள் குஞ்சு வந்துவிடும். கறுப்புக் குஞ்சுகளையும் அது தன் பிள்ளைகளாகத்தான் கூட்டிக்கொண்டு மேயும்.

தாய்க்கோழி வாங்கும்போது வாயைத் திறந்து பாருங்கள். நாக்கு இளஞ்சிவப்பாக இருந்தால் கலப்பினமாக இருக்கலாம். கருங்கோழி விலை கொடுக்காதீர்கள்.