தென் சென்னையில அந்த 9 லட்சம் பேர் எங்க?

கொஞ்சம் நீளமான பதிவு. தென் சென்னையில குடியிருக்கறவங்க, குறிப்பா வாடகை வீட்டுல இருக்கறவங்க, கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

ஒவ்வொரு தேர்தல் முடிஞ்ச மறுநாளும் ஒரு மீம் தவறாம வரும். தர்மபுரிக்காரர் வெயில்ல வரிசையில நிக்கறார், தென் சென்னைக்காரர் ஏசி போட்டுத் தூங்கறார். 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல தர்மபுரியில 81 சதவீதம் வாக்குப்பதிவு. தமிழ்நாடு முழுக்கப் பார்த்தா 69.7 சதவீதம். தென் சென்னையில வெறும் 54. எண்ணெல்லாம் சரிதான். ஆனா "படிச்சவன் சோம்பேறி" அப்படிங்கற ஒரே காரணத்தை வெச்சு அந்த எண்ணை விளக்கிட முடியாது.

அதைப் புரிஞ்சுக்கணும்னா இந்தத் தொகுதி யாரால உருவான தொகுதின்னு முதல்ல பார்க்கணும்.

1952 முதல் பொதுத்தேர்தல்ல சென்னைக்கே ஒரு எம்.பி. தான். 1957ல வடக்கு, தெற்குன்னு பிரிஞ்சது. தெற்கோட முதல் எம்.பி., அப்போ நிதியமைச்சரா இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி. 1962ல நாஞ்சில் மனோகரன். 1967ல பேரறிஞர் அண்ணா. இது இன்னைக்கு நிறைய பேருக்குத் தெரியாது: அந்தத் தேர்தல்ல அண்ணா சட்டமன்றத்துக்குப் போட்டியிடவே இல்ல. தென் சென்னையிலேர்ந்து நாடாளுமன்றத்துக்குத்தான் நின்னு ஜெயிச்சார். மாநிலத்துல ஆட்சி மாறிச்சு, முதலமைச்சராகணும், எம்.பி. பதவியை விட்டார். இடைத்தேர்தல்ல முரசொலி மாறன் வந்தார், 1971லயும் அவரே.

1977லயும் 1980லயும் ஆர்.வெங்கட்ராமன். இங்கேர்ந்து போய் நிதியமைச்சர், பாதுகாப்பு அமைச்சர், அப்புறம் குடியரசுத் துணைத்தலைவர், 1987ல குடியரசுத் தலைவர். 1984லயும் 1989லயும் வைஜெயந்திமாலா. 1991ல ஆர்.ஸ்ரீதரன். 1996லேர்ந்து தொடர்ந்து நாலு தடவை டி.ஆர்.பாலு. 2009ல சிட்லபாக்கம் ராஜேந்திரன், 2014ல ஜெயவர்தன், 2019லயும் 2024லயும் தமிழச்சி தங்கபாண்டியன்.

இந்தப் பட்டியலை கட்சிக் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு ஒரு தடவை பாருங்க. அண்ணா காஞ்சிபுரம். மாறன் திருக்குவளை. ஆர்.வி. பட்டுக்கோட்டை பக்கம் ராஜாமடம். பாலு மன்னார்குடி பக்கம் தளிக்கோட்டை. தமிழச்சி விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணறு. 'நீ எந்த ஊரு' அப்படின்னு கேட்டு ஓட்டுப் போட்ட தொகுதி இல்ல இது. ஏன்னா ஓட்டுப் போட்டவங்கள்ல நிறையப் பேருக்கு சொந்த ஊர் வேற எங்கேயோ இருந்தது.

தொகுதியோட மண்ணே அப்படித்தான். தி.நகர் 1920கள்ல மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவான நகர். 2000ல தரமணியில டைடல் பார்க் வந்துச்சு, பழைய மகாபலிபுரம் சாலை ஓ.எம்.ஆர். ஆச்சு. மதுரை, திருநெல்வேலி, சேலம், அப்புறம் ஆந்திரா, ஒடிசா, பீகார்னு எல்லாப் பக்கமிருந்தும் ஆள் வந்து இறங்கினாங்க. மயிலாப்பூர் மாடவீதிக்காரங்களும் சைதாப்பேட்டைக்காரங்களும் மட்டும் இருந்த தொகுதியா இது ரொம்ப நாளா இல்ல.

2008 தொகுதி மறுசீரமைப்புல தாம்பரமும் ஆலந்தூரும் ஸ்ரீபெரும்புதூர் தொகுதிக்குப் போச்சு. விருகம்பாக்கம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர்னு புதுசா மூணு சட்டமன்றத் தொகுதி உருவாக்கி, சைதாப்பேட்டை, தி.நகர், மயிலாப்பூரோட சேர்த்தாங்க. ஆனா அந்தக் கணக்கு 2001 மக்கள்தொகையை வெச்சுப் போட்டது. ஓ.எம்.ஆர். நிரம்பினது அதுக்கு அப்புறம். விளைவு என்னன்னா, 2024 தேர்தல்ல சோழிங்கநல்லூர்ல மட்டும் 6 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல வாக்காளர்கள். நாகப்பட்டினம் மாவட்டம் கீழ்வேளூர்ல 1 லட்சத்து 70 ஆயிரம் சொச்சம். அங்கயும் ஒரு எம்.எல்.ஏ., இங்கயும் ஒரு எம்.எல்.ஏ.!

இன்னொரு கூத்தும் இருக்கு. 2011ல சென்னை மாநகராட்சியை விரிவாக்கினப்போ பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் மாநகராட்சிக்குள்ள வந்தது. மேடவாக்கமும் பெரும்பாக்கமும் கிராம ஊராட்சியாவே நின்னுடுச்சு. பதினைந்து மாடி அப்பார்ட்மென்ட்டும் ஊராட்சி, அதுக்கு எதிர்ல இருக்கற வாரியக் குடியிருப்பும் ஊராட்சி. குப்பை யார் எடுப்பாங்க, கால்வாயை யார் தூர்வாருவாங்கன்னு கேட்டா ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டுவாங்க.

சரி, இப்போ அந்த 54 சதவீதத்துக்கு வருவோம்.

2009ல சுமார் 62, 2014ல 60, 2019ல 57, 2024ல 54. ஒவ்வொரு தடவையும் படிக்கட்டு மாதிரி இறங்கிக்கிட்டே வருது. 2024ல பட்டியல்ல இருந்தது 20 லட்சத்துக்கு மேல. ஓட்டுப் போட்டது ஏறக்குறைய 11 லட்சம். போடாதது 9 லட்சம். ஜெயிச்சவங்க வாங்கின ஓட்டே 5 லட்சத்து சொச்சம்தான். அதாவது 'வராதவர்' அப்படின்னு ஒரு வேட்பாளர் நின்னிருந்தா அவர்தான் எம்.பி.

ஆனா அந்த 9 லட்சம் பேரும் வீட்டுல தூங்கிட்டா இருந்தாங்க?

இன்ஜினியரிங் படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். சதவீதம் தப்பா வந்தா மேல இருக்கற எண்ணை மட்டும் பார்க்காதே, கீழ இருக்கற எண்ணையும் பார். ஒரு கணக்குக்கு வெச்சுக்குவோம். பட்டியல்ல 100 பேர், அதுல 20 பேர் இறந்து போனவங்க, வீடு மாறிப் போனவங்க, இல்லன்னா ரெண்டு இடத்துல பேர் இருக்கறவங்க. நிஜமா அங்க இருக்கறது 80 பேர். அதுல 54 பேர் வந்து போட்டா அது 54 சதவீதம் இல்ல, 67.5 சதவீதம். கிட்டத்தட்ட மாநில சராசரி. பூத் வேலை பார்த்த எந்தக் கட்சிக்காரரை வேணும்னாலும் கேளுங்க. சிலிப் கொடுக்கப் போனா, "அவங்க காலி பண்ணி அஞ்சு வருஷம் ஆச்சுப்பா" அப்படிங்கற பதில் ஒவ்வொரு தெருவுலயும் கிடைக்கும்.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. இங்க வாழ்ந்துக்கிட்டே இங்க ஓட்டு இல்லாதவங்க. அதுல ரெண்டு வகை.

முதல் வகை, என்னை மாதிரிப் பசங்க. துரைப்பாக்கத்துலயும் வேளச்சேரியிலயும் நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருப்போம். ஓட்டு ஊர்ல இருக்கும். தேர்தலுக்கு முந்தின ராத்திரி பஸ் ஸ்டாண்டுல நிக்க இடம் இல்லாத கூட்டம் நிக்குமே, அது யாருன்னு நினைக்கறீங்க? ஓட்டுப் போடத்தான் போறாங்க. அவங்களைச் சோம்பேறின்னு சொல்ல முடியுமா?

ஆனா ஒண்ணு யோசிங்க. டிசம்பர் 2023ல மிக்ஜாம் புயல் வந்தப்போ வேளச்சேரியிலயும் பள்ளிக்கரணையிலயும் பெரும்பாக்கத்துலயும் இடுப்பளவு தண்ணி. கரண்ட் இல்ல, பால் இல்ல. அந்தத் தண்ணியில நின்ன வாடகைக்காரருக்கு ஓட்டு எங்க இருந்துச்சு? திருநெல்வேலியில. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்துல 5,000 ஹெக்டேருக்கு மேல இருந்தது, இன்னைக்கு அதுல பத்துல ஒரு பங்குதான் மிச்சம்னு சொல்றாங்க. 2022ல ராம்சர் அங்கீகாரம் கிடைச்சும் அதைச் சுத்தி சண்டை ஓயல. அந்தச் சண்டையில முடிவு எடுக்கற பிரதிநிதிக்கு, அதால பாதிக்கப்படறவர் வாக்காளரே இல்ல. அப்புறம் அவர் ஏன் உங்க தெருவுக்கு வரணும்?

சட்டமும் இதைத்தான் சொல்லுது. எங்க சாதாரணமா குடியிருக்கியோ அங்கதான் பேர் இருக்கணும். சொந்த வீடு ஒரு ஊர்ல இருக்குங்கற காரணத்துக்காக மட்டும் அங்க வாக்காளரா இருக்க முடியாது. ஊர்ப்பாசம் தப்பில்ல. திருவிழாவுக்குப் போங்க, பொங்கலுக்குப் போங்க. ஓட்டு மட்டும் உங்க வீட்டுக்குள்ள தண்ணி வர்ற இடத்துல இருக்கட்டும்.

ரெண்டாவது வகை இன்னும் முக்கியம். அவங்க தானா இடம் மாறல, மாத்தப்பட்டாங்க. 2000லேர்ந்து கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், எழில் நகர். கூவம் கரையிலேர்ந்தும் அடையாறு கரையிலேர்ந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை லாரியில ஏத்தி இங்க கொண்டு வந்து இறக்கினாங்க. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் சைதாப்பேட்டை ஆத்தோரத்துலேர்ந்து பெரும்பாக்கம் போன குடும்பங்கள் இருக்கு. ரெண்டு இடமும் ஒரே நாடாளுமன்றத் தொகுதிதான். எம்.பி. மாறல. ஆனா வீடு மாறிச்சு, ரேஷன் கடை மாறிச்சு, பள்ளிக்கூடம் மாறிச்சு, வேலைக்குப் போற தூரம் மாறிச்சு. வாக்காளர் பட்டியல்ல பேர் மட்டும் பலருக்கு மாறல. இடிச்சுத் தள்ளின வீட்டு நம்பர்லயே நின்னுச்சு. வீட்டை இடிக்கத் தேதி குறிச்ச அரசு எந்திரம், அதே கையோட படிவம் 8 நிரப்பிக் கொடுத்திருக்கலாமே? எந்த ஆட்சியிலயும் அது கட்டாயமா நடக்கல.

இந்த ரெண்டு வகை ஆளுங்க மேலயும் 2025ல வந்து விழுந்ததுதான் சிறப்புத் தீவிரத் திருத்தம். 2025 டிசம்பர் 19ஆம் தேதி வந்த வரைவுப் பட்டியல்ல தமிழ்நாட்டுல 97 லட்சத்து 37 ஆயிரம் பேர் இல்ல. அதுல இறந்தவங்க சுமார் 27 லட்சம், ரெண்டு இடத்துல பேர் இருந்தவங்க சுமார் 4 லட்சம். மீதி 66 லட்சத்துக்கு மேல 'இடம் மாறியவர், கண்டறிய முடியாதவர்'. சென்னை மாவட்டத்துல மட்டும் 14 லட்சத்துக்கு மேல பேர் போயிருக்கு.

இறந்தவங்க பேரை எடுத்தது சரி. டூப்ளிகேட்டை எடுத்தது சரி. அதுல எங்களுக்கு எந்தத் தகராறும் இல்ல. ஆனா 'இடம் மாறியவர்' அப்படின்னா அவர் செத்துட்டார்னு அர்த்தம் இல்லையே? அவர் எங்கேயோ ஒரு இடத்துல வாடகை கொடுத்துட்டு உயிரோட இருக்கார். பழைய இடத்துல எடுத்துட்டீங்க, புது இடத்துல சேர்த்தீங்களா? பழைய வீட்டுக் கதவைத் தட்டி ஆள் இல்லன்னு எழுதறது சுலபம். அந்த ஆள் இப்போ எந்தக் கதவுக்குப் பின்னால இருக்கார்னு தேடறதுதான் வேலை. அந்த வேலை அதிகாரிகளுக்கு மட்டும் இல்ல, பூத் முகவர் வெச்சிருக்கற எல்லாக் கட்சிக்கும் இருக்கு.

இன்னொண்ணு இப்பவே சொல்லி வெச்சிடறேன். பட்டியல் இப்படிச் சுருங்கினதுக்கு அப்புறம் வர்ற தேர்தல்ல சென்னையோட வாக்குப்பதிவு சதவீதம் ஏறலாம். "சென்னை விழித்துக்கொண்டது" அப்படின்னு தலைப்பு வரும். ஏமாறாதீங்க. கீழ இருக்கற எண்ணைக் குறைச்சா, ஒருத்தர்கூட கூடுதலா வராமலே சதவீதம் ஏறும். அன்னைக்குக் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை சதவீதம்னு இல்ல, எத்தனை பேர்னுதான்.

அதனால வேலையைப் பார்ப்போம்.

👉 வாக்காளர் பட்டியல்ல உங்க பேர் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. 1950க்கு போன் பண்ணலாம், தேர்தல் ஆணைய இணையதளத்துல தேடலாம், இல்லன்னா உங்க வாக்குச்சாவடி நிலை அலுவலரைக் கேளுங்க.

👉 பேர் இல்லன்னா படிவம் 6. பேர் இருக்கு, முகவரி மட்டும் பழசுன்னா படிவம் 8. வேற தொகுதியிலேர்ந்து மாறி வந்திருந்தாலும் அதே படிவம் 8 தான்.

👉 அப்புறம் பார்த்துக்கலாம்னு விடாதீங்க.

👉 'ஹவுஸ் ஓனர் ஒத்துக்க மாட்டார்' அப்படின்னு பயப்படாதீங்க. ஓட்டுரிமைக்கு ஹவுஸ் ஓனர் அனுமதி தேவையே இல்ல. ஓட்டர் ஐடி வாங்கினா வீடு உங்களுக்குச் சொந்தமாகாதுன்னு அவருக்கும் எடுத்துச் சொல்லுங்க.

👉 கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், எழில் நகர் பக்கம் இருக்கற நம்ம தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் தனியா ஒரு வேண்டுகோள். பிளாக் பிளாக்கா ஏறி இறங்குங்க. போன்ல பார்க்கத் தெரியாத அம்மாக்களுக்கு நீங்களே தேடிப் பார்த்துச் சொல்லுங்க. அவங்க எந்தக் கட்சின்னு கேக்காதீங்க.

கட்சிப் பக்கத்துல இப்படி எழுதலாமான்னு சிலர் கேப்பீங்க. ஓட்டு கேக்கத்தான் போறோம், அதை மறைக்க ஒண்ணும் இல்ல. ஆனா ஓட்டே இல்லாதவர்கிட்ட போய் எதைக் கேக்கறது? முதல்ல அவர் பேர் பட்டியல்ல வரட்டும். அப்புறம் அவர் யாருக்குப் போடணும்னு நாங்க வாதாடறோம், எதிர்க்கட்சியும் வாதாடட்டும்.

வெளியூர்லேர்ந்து வந்தவங்களை எம்.பி. ஆக்கி டெல்லிக்கு அனுப்பின தொகுதி, வெளியூர்லேர்ந்து வந்தவங்களை வாக்காளராவும் ஏத்துக்கணும். அவ்வளவுதான்.

உங்க அப்பார்ட்மென்ட் குரூப், ஆபீஸ் குரூப், தெரு குரூப் எல்லாத்துலயும் பகிருங்க.

#தென்சென்னை #என்பேர்இருக்கா