கிடங்குக் கூரையும் சங்கத்தின் முதலும்

ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் சங்கக் கிடங்குகளைப் பார்வையிடச் செல்லும்போது நாம் காணும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. கூரையின் கீழ் வாளிகள் வைக்கப்பட்டிருக்கும்; நூற்சிப்பங்களும் உர மூட்டைகளும் ஒருபுறமாக ஒதுக்கப்பட்டிருக்கும். "தகடு பழையதாகிவிட்டது, மாற்ற நிதி வேண்டும்" என்பர் நிர்வாகக் குழுவினர். ஏறிப் பார்த்தால் பழுது தகட்டில் இராது, ஆணியில் இருக்கும்.

நாகத் தகட்டின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு, தான் அரிபட்டு இரும்பைக் காக்கும் இயல்பினது. ஆயினும் அக்காவல் மிக மெல்லியது. சதுர மீட்டருக்கு 275 கிராம் பூச்சுள்ள நல்ல தகட்டிலும், ஒரு பக்கத்துப் பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் 50-இல் ஒரு பங்கே. 120 கிராம் தகட்டில் அதிற் பாதியும் இல்லை. புதிதில் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். குறைந்த விலைப்புள்ளியை மட்டும் நோக்குவோர் இதனை விசாரிப்பதில்லை.

3 மீட்டர் நீளமுள்ள தகடு, 30 பாகை வெப்ப மாறுதலில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். நாள்தோறும் இவ்வாறு அசைவதால் ஆணி தளர்கிறது. வாஷரும் வெயிலில் வெடிக்கிறது. அவ்வழியே நீர் இறங்குகிறது. இதற்குச் சிமெண்டை அப்பும் வழக்கத்தை அறவே கைவிட வேண்டுமென்பது நமது கருத்து. தகடு அசையும், சிமெண்ட் அசையாது. விரைவில் விரிசல் கண்டு நீரைத் தேக்கும். அன்றியும் ஈரச் சிமெண்டின் காரம் துத்தநாகத்தையே அரிக்கும்.

கோடையில் ஒரு நண்பகல், கதவுகளைச் சாத்தி உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் துளைகள் விண்மீன்களைப்போல் தெரியும். தளர்ந்த ஆணியைப் பிடுங்கி, அதனினும் சற்றுப் பருத்த திருகாணியை ரப்பர் வாஷருடன் முடுக்குக. நெளி தகட்டில் மேட்டிலன்றிப் பள்ளத்தில் துளையிடலாகாது. துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்து, துத்தநாகம் கலந்த முதற்பூச்சு இடுக. சிதறிய இரும்புத் துகளையும் படிந்த சருகையும் பெருக்கிவிடுக. உரக் கிடங்காயின் தகட்டின் உட்புறத்தையும் நோக்குக. உரத்தூளும் ஈரமும் சேர்ந்து கீழிருந்தே அரிக்கும். ஏறுபவர் சட்டங்களின்மேல் செல்லும் ஆணி வரிசையில்தான் காலூன்ற வேண்டும். அங்கத்தினரின் பிள்ளைதானே என்று கயிறின்றி எவரையும் ஏற்றிவிடுதல் கூடாது.

கூலி நிலுவையிருக்கக் கூரைக்குச் செலவா எனப் பொதுக்குழுவில் கேட்போர் உளர். நனைந்த நூல் பூசணம் பூத்துக் கழிக்கப்படும்போது அந்நஷ்டம் யாருடைய கூலியிலிருந்து போகிறது? ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறோம். அது ஏட்டளவில் நிற்கிறது. அதனுடன் பழுதுபார்ப்புக்கென ஒரு சிறு தொகையும் ஒதுக்கி, ஆவணி முடிவதற்குள் செலவிட்டுவிட வேண்டும்.

இனிப் புதுக் கூரைக்கு நிதி கோரும் தீர்மானம் எது வரினும், பழைய கூரையை யார், எந்நாளில் ஏறிப் பார்த்தனர் என்னும் குறிப்பையும் உடன் கேட்பதாக இருக்கிறோம்.