முந்தி ஏற எதற்குப் பணம்?

திருச்சி தில்லை நகரில் பயண ஏற்பாட்டு அலுவலகம் நடத்துகிறேன். இங்கிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால், காரைக்குடி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சொகுசுக் கப்பல் என்றால் சிங்கப்பூர்தான். மரினா பே கப்பல் முனையத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் என்று போய்விட்டு, மூன்று நான்கு இரவு கழித்து அதே இடத்தில் வந்து இறங்குவார்கள். பணம் கட்டி முடித்த கையோடு கப்பல் கம்பெனியிடமிருந்து அவர்களுக்கு மின்னஞ்சல் வர ஆரம்பித்துவிடும். இன்டர்நெட் வேண்டுமா, ஸ்பா வேண்டுமா, குளிர்பானத்துக்குத் தனியாகக் கட்டுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டே வந்து, நடுவில் பிரையாரிட்டி போர்டிங் என்று ஒன்றையும் நீட்டுவார்கள். கூடுதலாகக் கட்டினால் வரிசையில் காத்திராமல் முதலில் கப்பல் ஏறலாமாம். சற்று நேரத்தில் எனக்கு போன் வரும். "மேடம், இதையும் போட்டுடலாமா? அம்மா வேற கூட வர்றாங்க, ரொம்ப நேரம் நிக்க மாட்டாங்க."

போட வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறேன். ஆப்பில் நேராக வாங்கிவிட்டால் இவளுக்குக் கமிஷன் போய்விடும், அந்த வயிற்றெரிச்சலில் சொல்கிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். 1926-இல் கட்டிய கப்பல் அது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஓடியது. நாகையில் கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளி நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். தாத்தா எடுத்தது டெக் டிக்கெட். அதில் படுக்கையும் கிடையாது, இட எண்ணும் கிடையாது. பாயை விரித்த இடம்தான் பயணம் முடியும்வரை வீடு. காற்று வரும் மூலை கிடைப்பதும், கழிப்பறை வாசலில் படுப்பதும் யார் முதலில் ஏறினார்கள் என்பதைப் பொறுத்தது. அந்தக் கப்பலில் முந்தி ஏறுவதற்கு ஒருவர் காசு கேட்டிருந்தால், கொடுத்திருக்கலாம் என்றே நானும் சொல்வேன்.

இன்றைய சொகுசுக் கப்பலில் அந்த நியாயம் எங்கே இருக்கிறது? பயண நாளுக்கு முன்பே அறை எண் கையில் வந்துவிடுகிறது. பதினோரு மணிக்கு ஏறினாலும் மூன்று மணிக்கு ஏறினாலும் எட்டாம் தளத்துப் பால்கனி அறை உங்களுடையதுதான். வேறு யாரும் அதில் துண்டு போட முடியாது.

சரி, முதலில் ஏறியவர் என்ன செய்வார்? கப்பல் விடியற்காலையில் துறைமுகத்துக்கு வருகிறது. போன பயணத்துக்காரர்கள் காலை ஒன்பதரை, பத்து மணிவரை இறங்கிக்கொண்டே இருப்பார்கள். ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் போன்ற கப்பலில் அறைக்கு இருவர் என்று கணக்கிட்டாலே 4,246 பேர். அத்தனை பேர் இறங்கி, அத்தனை பேர் ஏறுவதும் ஒரே நாளில். நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில்தான் அறைகளை எல்லாம் பெருக்கித் துடைத்து, விரிப்பு மாற்ற வேண்டும். அதனால் பொதுவாக மதியம் ஒரு மணி, ஒன்றரைக்குத்தான் அறை தயாராகும். முன்னுரிமைக்குப் பணம் கட்டிப் பதினொன்றுக்கே உள்ளே போனவர் அதுவரை கைப்பையைத் தூக்கிக்கொண்டு, தூக்கம் கலையாத குழந்தையை இழுத்துக்கொண்டு, பஃபே கூடத்தில் மேசை தேட வேண்டியதுதான். சில கம்பெனிகள் கைப்பையை வாங்கி அறையில் வைத்துவிடுகின்றன, அல்லது அறையைச் சீக்கிரம் திறந்துவிடுகின்றன. அது உதவிதான், மறுக்கவில்லை. அந்த உதவிக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

ராயல் கரீபியன் கம்பெனி 'தி கீ' என்ற பெயரில் விற்பது ஆளுக்கு, நாளுக்கு என்று கணக்கு. ஒரே அறையில் இருப்பவர்களில் 6 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் சேர்த்துத்தான் வாங்க முடியும். பாட்டிக்கு மட்டும் வாங்குகிறேன் என்றால் நடக்காது. விலை கப்பலுக்குக் கப்பல், தேதிக்குத் தேதி மாறும். ஆளுக்கு நாளொன்றுக்கு 30 அமெரிக்க டாலர் என்றே வைத்துக்கொள்வோம். நான்கு பேர், நான்கு நாள் என்றால் 480 டாலர். நம் பணத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல். முதல் நாள் காலையில் ஏறுவதற்கு நான்கு நாள் வாடகை! ஆனால் அதற்குள்ளேயே ஆளுக்கு ஒரு சாதனத்துக்கு இன்டர்நெட்டும் வருகிறது. எப்படியும் எல்லோருக்கும் இன்டர்நெட் வாங்கத்தான் போகிறோம் என்ற குடும்பம் இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் சொற்பமாக இருந்தால் வாங்கிக்கொள்ளட்டும், நான் தடுப்பதில்லை. கல்யாணமான புதிதில் போகும் ஜோடிகளுக்கு இது ஒத்துவருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு போகும் பெற்றோர், பிள்ளைகள் கையில் நான்கு நாளாவது போன் இல்லாமல் இருக்கட்டும் என்பதற்காகவே கப்பலுக்குப் போகிறார்கள். அவர்களிடம் இதை விற்பது வேடிக்கை.

அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து அதிகம் ஓடும் கார்னிவல் கம்பெனி 'ஃபாஸ்டர் டு தி ஃபன்' என்று விற்பது அறைக்கு ஒரு விலை. ஒரே அறையில் நால்வர் இருந்தால் நாலாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பயணத்துக்கு இத்தனைதான் என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். விற்கத்தான் வேண்டும் என்றால் இப்படி விற்பது மேல்.

ஏனென்றால் வரம்பில்லாத முன்னுரிமை முன்னுரிமையே அல்ல. திருப்பதியில் 300 ரூபாய் சிறப்பு தரிசன வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என்னிடம் பதிவு செய்துபோன ஒரு குடும்பம் கப்பல் முனையத்தில் கண்டதும் அதைத்தான். சூட் அறைக்காரர்கள், அடிக்கடி பயணம் செய்து உறுப்பினர் அந்தஸ்து வாங்கியவர்கள், காசு கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே கயிற்றுக்குள். பக்கத்தில் பொது வரிசை மளமளவென்று நகர்ந்ததாம். அந்த வீட்டு மருமகள் திரும்பி வந்து என்னிடம், "பணம் கட்டாதவங்க எங்களைப் பார்த்து டாட்டா காட்டிட்டுப் போனாங்க ஆன்ட்டி" என்றாள். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. எல்லாக் கம்பெனியிலும் கூட்டமான நாளில் இது நடக்கக்கூடியதுதான்.

இன்னொன்று, கம்பெனி விற்கும் முன்னுரிமை கம்பெனியின் கவுண்டருக்கு உரியது. மியாமியிலோ ஃபோர்ட் லாடர்டேலிலோ கப்பல் ஏறும்போது அமெரிக்க அரசின் குடிநுழைவுக் கவுண்டர் குறுக்கே வராது. பாதுகாப்புச் சோதனை, செக்-இன், நேரே கப்பல். சிங்கப்பூரில் நாட்டைவிட்டு வெளியேறுவதற்கான பாஸ்போர்ட் சோதனை உண்டு. குடிநுழைவு அதிகாரி கப்பல் கம்பெனியிடம் சம்பளம் வாங்குபவர் அல்லர். நம்மவர்களைத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் வரிசையே அல்ல, காகிதம். பாஸ்போர்ட் காலாவதிக்கு ஆறு மாதம்கூட இருக்காது. பெயர் ஒரு இடத்தில் தகப்பனார் பெயரோடும் இன்னொரு இடத்தில் வெறும் இனிஷியலோடும் இருக்கும். சிங்கப்பூரில் கப்பல் ஏறி அங்கேயே திரும்புகிறவருக்குப் பலமுறை நுழையும் விசா வேண்டும் என்பதே சிலருக்குத் தெரியாது. முன்னுரிமை டிக்கெட் இருந்தால் இந்தச் சிக்கலில் முதல் ஆளாகப் போய் மாட்டிக்கொள்ளலாம்.

காசில்லாமலே சீக்கிரம் ஏற வழி இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் எல்லாம் பயணிகளுக்கு முனையத்துக்கு வரும் நேரத்தை மணிவாரியாகப் பிரித்துக் கொடுக்கின்றன. ஆப்பில் செக்-இன் திறந்ததும் யார் முதலில் பதிகிறார்களோ அவர்களுக்கே காலை நேரம் கிடைக்கும். ராயல் கரீபியனில் புறப்படும் தேதிக்கு 45 நாள் முன்பு திறக்கிறது. கார்னிவலில் பொதுவாக 14 நாள் முன்பு. பாஸ்போர்ட் விவரம், புகைப்படம், கார்டு எண் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு அன்றே உட்கார்ந்தால் காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். என் வாடிக்கையாளர்களுக்கு அந்தத் தேதியை நானே வாட்ஸ்அப்பில் நினைவூட்டுகிறேன். முன்பெல்லாம் முதல் நாள் மாலை எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்டிப் பாதுகாப்புப் பயிற்சி நடத்துவார்கள். இப்போது பல கம்பெனிகளில் விளக்கப் படத்தை போனிலேயே பார்த்துவிட்டு, உங்கள் கூடுமிடத்தில் தலைகாட்டினால் போதும். முதல் நாள் நெரிசல் பாதி அதிலேயே போயிற்று.

வயதான அம்மாவுக்காக யோசிப்பவர்களுக்கு இன்னும் சுலபமான பதில். ஏறவும் இறங்கவும் சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று முன்கூட்டியே கம்பெனிக்குச் சொல்லிவிட்டால் முனையத்தில் ஆள் வந்து தள்ளிக்கொண்டு போவார். தனிக் கட்டணம் இல்லை. "சக்கர நாற்காலியா, எனக்கா?" என்று கோபித்துக்கொள்ளும் அம்மாக்களைச் சமாளிப்பது பிள்ளைகள் பொறுப்பு.

கடைசியில் ஏறுவதுதான் கௌரவம் என்று இருந்த காலமும் உண்டு. 1912 ஏப்ரல் 10 அன்று சவுத்தாம்ப்டனில் டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்புப் பயணிகள் வந்த ரயில் காலை 9.30 மணிக்கே துறைமுகத்தில் நின்றது. அவர்கள் மருத்துவப் பரிசோதனைக்கு நின்று, மூட்டை முடிச்சோடு ஏறினார்கள். முதல் வகுப்புச் சீமான்களின் ரயில் வந்ததே 11.30-க்கு. பன்னிரண்டு மணிக்குக் கப்பல் புறப்பட்டது. காத்திருப்பது ஏழைக்கு, கடைசி நிமிடத்தில் வந்து ஏறுவது பணக்காரருக்கு. இன்றும் மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி வாக்கில் நிதானமாக முனையத்துக்குப் போகிறவருக்கு வரிசை குறைந்திருக்கும், அறையும் தயாராக இருக்கும். கதவு அடைக்கும் நேரத்தை மட்டும் மறக்கக் கூடாது. புறப்படுவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி முன்பே ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள்.

அந்த நாற்பதாயிரத்தை என்ன செய்யலாம் என்று கேட்டால், முந்தின நாளே சிங்கப்பூர் போய் ஒரு ராத்திரி தங்குங்கள் என்பேன். கப்பல் புறப்படும் அன்று காலையில் இறங்கும் விமானத்தை நம்பிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. விமானம் தாமதமானால் எந்தப் பிரையாரிட்டியும் கப்பலை நிறுத்தி வைக்காது. லிட்டில் இந்தியாவில் ஒரு அறை, இரவு தோசை, நல்ல தூக்கம், காலையில் டாக்ஸி. பாக்கிப் பணமும் மிஞ்சும்.

முன்னுரிமை உண்மையிலேயே காசுக்கு ஈடாவது ஏறும் துறைமுகத்தில் அல்ல, நடுவழியில். பினாங்கிலும் போர்ட் கிளாங்கிலும் கப்பல் துறையை ஒட்டி நிற்கும், இறங்கி நடந்துவிடலாம். புக்கெட்டின் பாத்தோங் கடற்கரையில் அப்படி அல்ல. கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்க, சிறிய டெண்டர் படகுகளில்தான் கரைக்குப் போக வேண்டும். கரீபியனில் கிராண்ட் கேமனும், கிரீஸில் சான்டோரினியும் இந்த ரகம். ஆயிரக்கணக்கானோர் ஒவ்வொரு படகாக இறங்கும்போது முதல் படகா எட்டாவது படகா என்பதில் அரை நாள் கைமாறும். கரையில் ஆறேழு மணி நேரமே கிடைக்கும் ஊரில் அது பெரிய விஷயம். அப்போதும் வாங்குவதற்கு முன் ஒன்று பாருங்கள்: கப்பல் கம்பெனி மூலமாகவே சுற்றுலா பதிவு செய்தவர்களைப் பொதுவாக முதல் படகுகளில் அனுப்பிவிடுவார்கள். அந்தச் சுற்றுலாவும் வாங்கி, முன்னுரிமையும் வாங்கினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை கட்டுகிறீர்கள். கடைசி நாள் இறங்குவதும் அப்படித்தான். பெட்டியை முந்தின இரவு வெளியில் வைக்காமல் தானே தூக்கிக்கொண்டு போகிறவர்களை முதலில் இறக்கிவிடுகிறார்கள், இலவசமாக.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. எத்தனை கவுண்டர் திறப்பது என்பதும், எத்தனை பேரை எந்த நேரத்துக்கு வரச் சொல்வது என்பதும் கம்பெனியின் கையில். காத்திருக்கும் நேரத்தை நிர்ணயிப்பவரே அதிலிருந்து தப்பிக்கவும் டிக்கெட் விற்கிறார். ஒருவரை முன்னே விட்டால் இன்னொருவர் பின்னே போகிறார். மொத்தத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைவதில்லை. விற்கட்டும். ஆனால் இந்தப் பயணத்துக்கு எத்தனை முன்னுரிமை விற்றோம் என்று வாங்குகிறவருக்குச் சொல்லிவிட்டு விற்கட்டும். முன்னுரிமை வரிசை பொது வரிசையைவிட மெதுவாகப் போனால் பணத்தைத் திருப்பித் தரட்டும். கப்பலுக்குள் எலுமிச்சை ஜூஸ் வாங்கினாலும் பில் போட்டுக் கையெழுத்து வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சிரமமா என்ன?

அடுத்த முறை அந்த மின்னஞ்சல் வரும்போது விலையைப் பார்க்காதீர்கள். முதலில் பயணத் திட்டத்தைத் திறந்து, டெண்டர் படகில் இறங்கும் ஊர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். இருந்தால் எனக்கு போன் செய்யுங்கள், கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.