நீல விளக்கை அளப்பது யார்?

கடைத்தெருவில் கத்தரிக்காய் நிறுக்கும் தராசுக்குக்கூடச் சர்க்கார் முத்திரை உண்டு. ஆனால் சொத்தைப் பல்லை அடைத்துவிட்டு, வாய்க்குள் நீட்டுகிறார்களே ஒரு நீல விளக்கு, அதைச் சோதித்து முத்திரை குத்தும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. "விளக்குதான் பளிச்சென்று எரிகிறதே, சோதனை எதற்கு?" என்று கேட்கலாம். மோசம் போவது அந்த இடத்தில்தான்.

முன்பெல்லாம் பல் அடைக்கப் பெரும்பாலும் பாதரசம் கலந்த வெள்ளிக் கலவையையே உபயோகித்தார்கள். அது தானாகவே இறுகிவிடும், விளக்கு வேண்டியதில்லை. 1962ல் அமெரிக்காவில் ராபேல் போவன் என்ற விஞ்ஞானி ஒரு புதுப் பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். பல்லின் நிறத்திலேயே இருக்கும் 'காம்போசிட்' அடைப்பு அதிலிருந்து வளர்ந்தது. ஆரம்பத்தில் இரண்டு பசைகளைக் குழைத்து, இறுகுவதற்குள் அவசர அவசரமாக அப்ப வேண்டியிருந்தது. பிறகு, 1970களின் தொடக்கத்தில், புற ஊதா விளக்குகள் வந்தன. அவற்றால் கண்ணுக்கு ஆபத்து. ஒளியும் ஆழமாக இறங்கவில்லை. 1976ல் இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரில், கண்ணுக்குத் தெரியும் ஒளியால் இறுகும் அடைப்பை முதன்முதலாக ஒருவர் பல்லில் வைத்தார்கள்.

இந்த வித்தைக்குக் காரணம் காம்பர்குவினோன் என்னும் மஞ்சள் பொருள். கற்பூரத்திலிருந்து பிறந்தது! சட்டென்று பற்றிக்கொள்ளும் பிள்ளையைக் 'கற்பூர புத்தி' என்பார்கள் அல்லவா? இதுவும் அப்படித்தான், ஆனால் நெருப்புக்கு அல்ல, நீல ஒளிக்கு. ஏறக்குறைய 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி பட்டதும் இது விழித்துக்கொண்டு, பிசினின் அணுக்கூட்டங்களைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்துவிடுகிறது. குழைந்த பசை சில விநாடிகளில் கல்லாகிறது.

கல்லாவது மேற்புறம் மட்டுமா, அடிவரையிலுமா? விஷயமே இதில்தான் இருக்கிறது. எண்ணெய்ச் சட்டியில் வடை மேலே பொன்னிறமாகச் சிவந்து, பிட்டுப் பார்த்தால் நடுவில் மாவாக நிற்பதில்லையா? பல்லடைப்பும் அப்படி ஏமாற்றும். டாக்டர் ஊசிமுனையால் மேலே தட்டிப் பார்க்கிறார். 'டக்' என்று கேட்கிறது. திருப்தியோடு அனுப்பிவிடுகிறார். அடியிலோ பசை அரைகுறையாக இருக்கிறது. நாளடைவில் ஓரம் விட்டு, எச்சில் கசிந்து, அடைப்புக்குக் கீழேயே மறுபடி சொத்தை விழுகிறது. நோயாளி மிட்டாயைப் பழிக்கிறார்; டாக்டரின் கைராசியைப் பழிக்கிறார். விளக்கைச் சந்தேகிப்பவர் யாருமில்லை.

பழைய ஹாலஜன் விளக்கில் பல்பும் வடிகட்டிக் கண்ணாடியும் நாளாக நாளாக நலிந்துபோகும். இப்போது எங்கும் காணும் எல்.இ.டி. விளக்கு நீண்ட நாள் உழைக்கும் என்பது மெய்தான். ஆனால் அதன் நுனியில் பிசின் ஒட்டி உலர்ந்துவிட்டால் ஒளி மறைகிறது. கடைவாய்ப் பல்லுக்கு எட்டாமல் சில மில்லிமீட்டர் விலக்கிப் பிடித்தாலே வலு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பல நாடுகளில் பல் மருத்துவர்களின் விளக்குகளைச் சோதித்தவர்கள், போதிய வலுவில்லாதவை கணிசமாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வலு பாதியாகக் குறைந்த விளக்கும் பளிச்சென்றுதான் தெரியும். கண்ணைக் காக்க ஆரஞ்சுக் கண்ணாடி வழியாக அல்லவா பார்க்க வேண்டியிருக்கிறது!

கணக்கு எளிது. சதுர சென்டிமீட்டருக்கு 800 மில்லிவாட் ஒளி 20 விநாடியில் தரும் சக்தியை, 400 மில்லிவாட் தர 40 விநாடி பிடிக்கும். தம் விளக்கு 400க்கு இறங்கியதை அறியாத டாக்டர், பழக்கப்படி 20 விநாடியில் நிறுத்திவிடுகிறார். மூன்றே விநாடியில் முடிக்கும் யந்திரங்களும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. அவற்றின் உஷ்ணம் பல்லின் உயிர்ச்சதையை வருத்தக்கூடும் என்பதையும், எல்லாப் பிசினும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்பதையும் விளம்பரம் உரக்கச் சொல்லுமா?

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தம் 2013ல் ஏற்பட்டது. ஐரோப்பிய யூனியன் 2025 ஜனவரி முதல், சிற்சில விலக்குகள் நீங்கலாக, வெள்ளிக் கலவையை நிறுத்திவிட்டது. இனி மேன்மேலும் பற்கள் இந்த விளக்கையே நம்பியிருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை விளக்கை மானியால் அளந்து நோட்டில் குறிப்பதைப் பல் மருத்துவத்தை மேற்பார்க்கும் சபையே கட்டாயமாக்க வேண்டும். கைக்கடக்கமான மானிகள் துல்லியமானவை அல்ல என்ற ஆட்சேபம் நியாயமே. ஆனாலும் வாங்கிய அன்று காட்டிய அளவோடு இன்றைய அளவை ஒப்பிட அவை தாராளமாகப் போதும்.

மானி இல்லாத இடத்திலும் வழியுண்டு. சிறு உலோகக் குழாயில் பசையை நிரப்பி, மேலிருந்து ஒளி காட்டி, வெளியே தள்ளி, அடியிலுள்ள மெத்தென்ற பகுதியைச் சுரண்டிவிட வேண்டும். மிஞ்சி நிற்கும் நீளத்தில் பாதியைத்தான் நம்பலாம். 6 மில்லிமீட்டர் நின்றால் 3 வரை கவலையில்லை. 3 மட்டுமே நின்றால், வழக்கமான 2 மில்லிமீட்டர் அடுக்கை அன்று அந்த விளக்கை நம்பி எந்தப் பல்லிலும் வைக்கக்கூடாது.